நாக்கறிந்த கல்

மழை விட்ட கையோடு காரை ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பது வெங்கடாசலம் வாத்தியார் போட்ட சட்டம். மழைக்கு முன்னால் போனால் கல்லெல்லாம் மண்ணுக்குள் உறங்கும். வெயிலில் காய்ந்த பிறகு போனால் வேறு யாராவது பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். மழை கழுவிவிட்ட ஈரம் உலர்வதற்குள் போய் நின்றால்தான், என்றைக்கோ அங்கே கடல் இருந்த காலத்தில் செத்துக் கல்லாய்ப் போன நத்தையும் சிப்பியும் சேற்றில் முகம் காட்டும். இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கொல்லிமலைச் சோளக்காட்டு அரசுக் குடியிருப்பிலிருந்து ஒரு கூட்டம் இருபது வருஷமாக, ஐப்பசி மழை ஓய்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையில் மலையிறங்கிப் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. பழனிக்குப் போகிறவர்கள் உண்டு, ஊட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. வேன் பிடித்துப் போய்ச் சேற்றில் புரண்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்தக் குடியிருப்பில்தான் இருந்தார்கள்.

வாத்தியாரின் மனைவி கண்ணாத்தாளுக்கு இந்தக் கல் பைத்தியம் என்றைக்குமே பிடித்ததில்லை. கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கூடவே போவாள். போய், வேனுக்குப் பக்கத்தில் வேல மர நிழலில் சோற்றுத் தூக்குக்குக் காவல் இருப்பாள். அவர் முழங்கால் வரை சேற்றோடு வந்து, எடுத்த கல்லை நாக்கால் ஒரு நக்கு நக்கிப் பார்ப்பதைக் கண்டால் அவளுக்குக் குமட்டும். "ஈரம் பட்டாத்தான வரி தெரியும்" என்பார் அவர். "அதுக்குத் தண்ணி இல்லீங்களாக்கும்? ஆடு மாடு மேயற மண்ணு, அதப் போயி" என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருபது வருஷமும் இதே சண்டைதான். ஒரு வார்த்தை கூடினதுமில்லை, குறைந்ததுமில்லை.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில், புளிச்சோற்றைக் கிளறி இறக்கி வைத்துவிட்டு, வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நத்தைக்கல்லை எடுத்து இடுப்புச் சீலை மடிப்பில் செருகிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வாத்தியாருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுங்கள் என்றார். நேரே இருப்பது தெரியும். ஓரமும் காலடியும் தெரியாது. ஊதுகுழல் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று அவரே ஒருநாள் சொன்னார். வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பாடமெல்லாம் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம், மருந்து விடத் தலையை அண்ணாந்து காட்டிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு என் கையால ஒரு கல்லாச்சும் எடுத்தன்னா சரி. இல்லீன்னா திங்கக்கிழமை வேலைய எழுதிக் குடுத்துட்டு, மோனிஷா ஊட்டுக்கே போயிரலாம் கண்ணாத்தா. காலடியில கெடக்கற கல்லு தெரியாதவன், புள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கறது?"

"கல்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்னுங்க?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மகள் மோனிஷா தங்கமான பிள்ளை. கோயமுத்தூரில் ஆறாவது மாடியில் வீடு. போன மாதம் போயிருந்தபோது வாத்தியார் சோபாவில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். சோளக்காட்டில் கண்ணை மூடிக்கொண்டே சந்தைக்குப் போய் வாழைப்பழம் பேரம் பேசி வாங்கி வருகிற மனுஷர், அங்கே குளியலறைக்குப் போக மகளைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் ஒரு வருஷம் இருந்தால் ஆள் கரைந்து போய்விடுவார் என்று கண்ணாத்தாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் பயந்தது அதற்குத்தான்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கும் அவள் மெத்த யோசித்தாள். கண்ணாடி அலமாரியில் இருக்கிற ஒவ்வொன்றும் அவருக்குத் தடவினாலே தெரியும். ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அடுப்படியில் ஒரு கல் இருந்தது. உள்ளங்கைக்குள் கச்சிதமாய் அடங்கும், சுருள் சுருளாய் வரியோடிய நத்தைக்கல். முதல் வருஷம் அவர் அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்தது. அவள் அதை ரசத்துக்கு மிளகு தட்ட வைத்துக்கொண்டாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர், பிறகு அந்தக் கல்லையே மறந்துபோனார். அதைத்தான் அரப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. ஓட்டுவது ஜான்பீட்டர், தோட்டக்கலை ஆபீஸ் ஜீப்பு டிரைவர். பக்கத்தில் அவன் மனைவி மெர்சி, ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு பேரும் திருச்சிப் பக்கத்து ஆட்கள். மலைக்கு வந்த புதிதில் குளிருக்கு அழுதார்கள், இப்போது கீழே போனால் வெயிலுக்கு அழுகிறார்கள். பின் சீட்டில் நவநீதகிருஷ்ணன், அதே ஆபீஸில் கிளார்க்கு, சேலத்துக்காரன். தாயாரும் அவனும் மட்டும்தான். நெற்றியில் நாமம் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, உப்பு கட்டிக்கிட்டீங்களா?" என்றான் ஜான்பீட்டர்.

மலையில் மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பு முடிச்சு இல்லாமல் யாரும் வெளியே கால் வைப்பதில்லை. காரையில் அட்டை கிடையாது. அட்டை ஒளிகிற அளவுக்குப் புல்லும் கிடையாது. முதல் வருஷம் இவர்கள் அத்தனை பேரும் கணுக்காலில் உப்பு முடிச்சோடு போய் இறங்கியதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆள், "என்னங்க, எல்லாருக்கும் யானைக்காலா?" என்று கேட்டான். அந்தச் சிரிப்புக்காகவே வருஷா வருஷம் கட்டிக்கொண்டு போனார்கள்.

"கட்டாம? இந்தா பாரு" என்று கண்ணாத்தாள் காலைத் தூக்கிக் காட்டினாள். இடுப்பில் கல் நழுவியது. பிடித்துக்கொண்டாள்.

மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வளைவுகளில் யாரும் பேசவில்லை. பேசினால் நவநீதகிருஷ்ணனுக்கு வாந்தி வரும். சேந்தமங்கலம் தாண்டி, துறையூர் ரோட்டில் வண்டி ஏறியதும் பேச்சு தானாகப் பழைய காலத்துக்குப் போனது. மெர்சிக்கு மாறுதல் வந்துவிடும் போலிருந்தது. நவநீதகிருஷ்ணனுக்குச் சேலத்துக்கே பதவி உயர்வு. அடுத்த வருஷம் யார் யார் இருப்பார்களோ என்ற நினைப்பு எல்லாருக்கும் இருந்தது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ரோடு சரிஞ்சு பஸ்ஸு வராமக் கெடந்துச்சே ஒரு ஐப்பசி, ஞாபகம் இருக்கா அக்கா?" என்றாள் மெர்சி. "என் வீட்ல அரிசி இல்ல, உங்க வீட்ல கேஸ் இல்ல. நவநீதன் வீட்ல ரெண்டும் இருந்துச்சு, ஆனா அவங்கம்மா முட்டைய உள்ள விடல."

"முட்டைய நீங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு தின்னீங்க" என்றான் நவநீதகிருஷ்ணன். "சார் மட்டும் உள்ள ஒரு கால், வெளிய ஒரு கால்."

"ரெண்டு பக்கமும் வாய்க்கு ருசியா இருந்துச்சே சாமி, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் வாத்தியார். வண்டியே குலுங்கியது. கண்ணாத்தாளும் சிரித்தாள். ஒட்டு உறவு கிடையாது, சாதி சனம் கிடையாது, மாற்றல் காகிதம் கொண்டுவந்து ஒரே வரிசை வீட்டில் போட்ட ஆட்கள். சொந்தத் தங்கையைவிட மெர்சியிடம்தான் அவள் கூடுதலாகச் சண்டை போட்டிருக்கிறாள்.

காரையில் இறங்கியபோது வானம் மூட்டமாக இருந்தது. அந்த நிலத்தைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வேன் நிற்கிற வேல மரத்தைத் தாண்டினால் மரமில்லை, பயிரில்லை. மஞ்சளும் சாம்பலுமாய் மண்மேடுகள், அவற்றை மழை அறுத்து அறுத்து விட்ட ஓடைகள், ஓடைக்குள் ஓடைகள். கால் வைத்தால் கொழகொழவென்று இழுக்கும். பத்தடி நடப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்துவிடும். இதைக் கடல் என்று வாத்தியார் முதன்முதலில் சொன்னபோது, தண்ணீரில்லாத ஊரில் நின்றுகொண்டு இந்த மனுஷன் என்ன உளறுகிறார் என்றுதான் கண்ணாத்தாள் நினைத்தாள்.

"சோத்துக்குக் காவலு?" என்றார் வாத்தியார், அவள் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து.

"வண்டிய பூட்டிக்கலாமுங்க. இந்த வருசம் நானும் வாரேன்."

"அட! மேற்கால சூரியன் கெளம்புதாட்ட இருக்குது" என்றவர் கையை நீட்டினார். நீட்டிய கை அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவளே நகர்ந்து போய்ப் பிடித்துக்கொண்டாள்.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சேற்றில் இறங்கினாள். வாத்தியார் முன்பெல்லாம் மேட்டில் நின்று ஒரு நோட்டம் விட்டாலே, "அதோ" என்று கை காட்டுவார். இப்போது குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி, மண்ணை ஒரு முழம் ஒரு முழமாகப் பார்த்துக்கொண்டு போனார். அவர் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு சிப்பி வாயைப் பிளந்து கிடந்தது. தாண்டிப் போனார். "இங்க இருக்குதுங்க" என்று சொல்லிவிடலாம். சொன்னால் அது அவர் கையால் எடுத்தது ஆகாது. ஏமாற்றுவதென்றால் முழுசாக ஏமாற்ற வேண்டும்.

மற்றவர்களும் ஒரு நிலையில் இல்லை. மெர்சி அவருக்கு முன்னால் குறுக்கே ஓடி, ஒரு திருப்பத்தில் குனிந்துவிட்டு, "செருப்பு மாட்டிக்கிச்சு" என்று திரும்பி வந்தாள். நவநீதகிருஷ்ணன் எதையோ கைக்குட்டையில் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனான், வரும்போது கைக்குட்டையை உதறிக்கொண்டு வந்தான். கண்ணாத்தாளுக்குத் தன் கவலையே பெரிதாக இருந்தது. அவள் சுற்றிப்போய், வாத்தியார் வருகிற வழியில், வரி தெரிகிற மாதிரி தன் கல்லைப் பாதி மண்ணில் அழுத்தி வைத்தாள். அவர் பார்வை நேரே விழுகிற இடம்.

விழுந்தது. வாத்தியார் நின்றார், குந்தினார், விரலால் தோண்டினார்.

"கண்ணாத்தா! ஓடியா!"

அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது. ஊரைக் கூட்டுகிற குரல். அவள் நெஞ்சு நிறைந்துபோயிற்று. நல்லவேளையாக அவர் கல்லை நக்கவில்லை. கையெல்லாம் சேறு, அடுத்ததைத் தேடுகிற அவசரம், அப்படியே தோள்பையில் போட்டுக்கொண்டார். நக்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அரப்புப் போட்டுக் கழுவியிருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று தேற்றிக்கொண்டாள்.

அதன்பின் என்ன மாயமோ, கொஞ்ச தூரத்துக்கு ஒரு கல்லாகக் கிடைத்தது. இன்னொரு நத்தை. ஒரு பெரிய சிப்பி. மறுபடி ஒரு சிப்பி. வாத்தியார் துள்ளினார். "இந்த வருசம் மழை நெம்ப நல்லாக் கழுவியிருக்குதப்பா!" கண்ணாத்தாளும் மழைக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

துள்ளல் அளவு மீறிப்போய்த்தான் அவர் ஓடைக் கரையைப் பார்க்கவில்லை. கரை காலடியில் இருந்தது, காலடிதான் அவருக்குக் கிடையாதே. சர்ரென்று வழுக்கி, உட்கார்ந்தவாக்கில் அடிமட்டத்துக்குப் போனார். கண்ணாத்தாள் போட்ட கூச்சலில் ஜான்பீட்டர் எங்கிருந்தோ பாய்ந்து வந்து இறங்கித் தூக்கினான். அடி ஒன்றும் இல்லை. கை மட்டும் பிடிமானத்துக்கு அள்ளிய சேற்றை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்காமல், அந்தக் கை மண்ணையும் அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு, "போதும், பசிக்குது" என்றார்.

வேல மரத்தடியில் பாயை விரித்தார்கள். மெர்சி அவித்த முட்டையை உரித்து வைத்தாள். கண்ணாத்தாள் புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் எடுத்தாள். நவநீதகிருஷ்ணன் முட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வாத்தியார் தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, பையிலிருந்த கல்லையெல்லாம் ஒரு வாழையிலையில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தார்.

முதல் கல்லை எடுத்து, பழக்கம் மாறாமல் நாக்கில் வைத்தார்.

மறுபடி ஒருதரம் வைத்துப் பார்த்தார். கண்ணாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"காரமடிக்குது" என்றார். "கடலுக்குள்ள மிளகுக் கொடி ஏறியிருக்குமாட்ட இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கட்டைவிரலால் சுருளைத் தடவினார். "மொத வருசத்துக் கல்லு. மோனிஷாவத் தோள்ல வச்சுக்கிட்டு எடுத்தது. இத நீ கழுவித்தான் கொண்டாந்திருப்ப கண்ணாத்தா. ஆனா வரிக்குள்ள ஏறுன மிளகு எங்க போகும்?"

அவர் அடுத்த நத்தையை எடுத்து நக்கினார், மூக்கில் வைத்தார். "சந்தனம். துளசி. நவநீதா, இது உங்கம்மா சாளக்கிராமம்னு பூசையில வச்சிருக்கறதல்ல? அம்மாவுக்குத் தெரியுமா?"

நவநீதகிருஷ்ணன் நாமத்தைத் தடவிக்கொண்டான். "அம்மாதான் சார் எடுத்துக் குடுத்தாங்க. பெருமாள் ஒரு நாள் சேத்துல இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

பெரிய சிப்பி. அதன் குழிவில் நகத்தை விட்டுச் சுரண்டினார். "மெழுகு. மாதா படத்துக்கு முன்னால மெழுகுவத்தி நிறுத்தறது. மெர்சி?"

"ஆமா சார்" என்றாள் மெர்சி. "நான் நர்ஸ் சார். அன்னைக்கு ஊசி போடுற ரூம்ல, தொறந்து கெடந்த கதவுல போய் இடிச்சீங்களே, அப்பவே தெரியும். நீங்களா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு இருந்தேன்."

நாலாவதை எடுத்ததும் அவரே சொல்லிவிட்டார். "டீசல் நாத்தம். வண்டி டூல்ஸ் பொட்டிக்குள்ள போட்டு வச்சிருந்தியா ஜான்பீட்டரு?"

"ராசிக்கு வச்சிருந்தேன் சார்" என்றான் அவன்.

அப்படியானால் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று கண்ணாத்தாள் நெஞ்சில் சுமந்ததை, இந்த மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் சுமந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கொருத்தர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாத்தியார் அழவில்லை. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"ஆக, நானா ஒண்ணும் எடுக்கல" என்றார். "நான் உங்களுக்குக் குடுத்தத நீங்க எனக்கே திருப்பிக் குடுத்திருக்கறீங்க. அவ்வளவுதான."

"ஏனுங்க..." என்றாள்.

"உன்மேல கோவமில்ல புள்ள. யாருமேலயும் கோவமில்ல." ஒவ்வொரு கல்லாக எடுத்து, உடையவர்கள் கையில் வைத்தார். எந்த வருஷம், எந்த ஓடை, அன்றைக்கு யார் வழுக்கி விழுந்தது, யார் பாடிக்கொண்டு வந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லிச் சொல்லி வைத்தார். தானம் கொடுத்து முடிக்கிறவர் மாதிரி இருந்தது அது. "சரி. சோத்தப் போடு. நாளைக்கு எழுதிக் குடுத்தர்றேன்."

கண்ணாத்தாள் இலையைத் துடைக்கப் போனாள். இலையில் ஒரு மண்ணாங்கட்டி மிச்சமிருந்தது. விழுந்தபோது அள்ளிய மண். வீசியெறிய எடுத்தவளுக்கு உள்ளே கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. தண்ணீரை ஊற்றினாள். மண் கரைந்து, சுண்டுவிரல் நீளத்துக்கு, பென்சில் முனை மாதிரி ஒரு கல் வந்தது. ஒரு பக்கம் உடைந்திருந்தது. பழைய வாத்தியாராக இருந்தால் இதற்குக் குனியக்கூட மாட்டார்.

"இது யாருதுங்க?" என்றாள்.

வாத்தியார் வாங்கித் தடவினார். "விரல்கல்லு. அந்தக் காலத்துக் கடல்ல நீந்துன கணவாய் மீனோட வாலு. யாரு வச்சீங்க?"

மெர்சி நவநீதகிருஷ்ணனைப் பார்த்தாள். அவன் ஜான்பீட்டரைப் பார்த்தான். "அந்தோணியார் சத்தியமா நான் ஒண்ணுதான் சார் வச்சேன்" என்றான் ஜான்பீட்டர்.

"ரெண்டு வச்சிருந்தா நான் வாங்கியிருப்பேனே உங்ககிட்ட ஒண்ணு" என்றான் நவநீதகிருஷ்ணன். அவனிடம் இருந்ததே அந்தப் பெருமாள் ஒருவர்தான்.

வாத்தியார் கல்லை நாக்குக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்திவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்குது" என்றார். "நீ பாரு கண்ணாத்தா."

"நானுங்களா?"

"நீதான். நீ பொய் சொல்ல மாட்ட. சொன்னாலும் உனக்கு ஒழுங்காச் சொல்லத் தெரியாது."

ஆடு மாடு மேய்கிற மண். இருபது வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்ட மண். கண்ணாத்தாள் கல்லை வாங்கினாள், கண்ணை மூடிக்கொண்டாள், நாக்கில் வைத்தாள். கல் சில்லென்றிருந்தது, நாக்கை லேசாகப் பிடித்தது. மிளகு இல்லை. மெழுகு இல்லை. சந்தனம் இல்லை. இன்னொருதரம் வைத்துப் பார்த்தாள், வாய்க்குள் நறநறவென்றது.

"மண்ணுதானுங்க" என்றாள். "வெறும் மண்ணு. உங்க கல்லுதானுங்க இது."

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஜான்பீட்டர் எழுந்து போய் வண்டிச் சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாத்தியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை ஹெச்.எம். கிட்ட நானே சொல்லிடறேன், கண்ணு இப்படின்னு. போர்டுல எழுத எட்டாவது புள்ளைகள்ல ஒண்ணக் கூப்புட்டுக்கறேன். பாடம் நாக்குலதான இருக்குது?"

"அப்ப கோயமுத்தூரு?" என்றாள் கண்ணாத்தாள்.

"பொங்கலுக்குப் போயிட்டு வரலாம்." இலையை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஏம்புள்ள, இத்தன வருசம் என்னையத் திட்டுனியே. மண்ணு ருசி எப்படி இருக்குது?"

கண்ணாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வாயைத் துடைக்கவில்லை.

"உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க" என்றாள், புளிச்சோற்றை அவர் இலையில் வைத்துக்கொண்டே.